பாட்டு நடந்த பாதை – 17: செயின்ட் லூயிஸுக்கு வந்த தந்தி

சென்ற வாரம் ப்ளூஸ் பாடகி மா ரெய்னியை சிகாகோவின் கிராண்ட் தியேட்டர் மேடையில் விட்டுவிட்டு வந்தோம். 1924 ஏப்ரல் மாதம். மேடையின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு கிராமபோன் பெட்டி. ஒரு பெண் வந்து இசைத்தட்டை வைப்பதுபோல் பாவனை செய்கிறாள். பெட்டிக்குள்ளிருந்து மா ரெய்னியின் குரல் கேட்கிறது. பிறகு கதவு திறக்கிறது. தங்க நாணய மாலை மின்ன அவரே இறங்கி வருகிறார். அரங்கமே எழுந்து நிற்கிறது.

அந்த ஆரவாரத்தில் பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞரை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வாத்தியக் குழுவை அமைத்து நடத்தியவர் அவர்தான். பெயர் தாமஸ் ஆண்ட்ரூ டார்சி. வயது 24. இந்த வாரம் முழுக்க அவருக்குத்தான்.

ராக் இசையின் கதையை எழுதுகிறவர்கள் இவரை ஒரு வரியில் கடந்துபோவார்கள். கன்ட்ரி இசையின் கதையில் அந்த ஒரு வரியும் கிடைப்பது அரிது. தேவாலய இசையை எழுதுகிறவர்கள் மட்டும் ‘காஸ்பல் இசையின் தந்தை’ என்று பட்டம் கொடுத்து ஓர் அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். மூன்று வீட்டுக்கும் அஸ்திவாரத்தில் இவர் வைத்த கல் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

டார்சி 1899 ஜூலை 1 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் வில்லா ரிக்கா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்யும் பாப்டிஸ்ட் பிரசங்கி. படித்தவர், ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு வாரக் குத்தகை விவசாயம். அம்மா எட்டா ஆர்கன் வாசிப்பார். கறுப்பின மக்கள் ஓர் ஆர்கனை வீட்டில் வைத்திருப்பது அந்த ஊரில் பெரிய விஷயம். பையன் அந்த ஆர்கனின் மிதிகட்டை காலுக்கு எட்டாத வயதிலேயே சுரங்களைத் தேடிப் பழகினான்.

டார்சிக்கு ஒன்பது வயது நிரம்பும் முன்னே குடும்பம் அட்லாண்டாவுக்குப் பிழைக்க வந்தது. நகரத்தில் மானம் போயிற்று. பிரசங்கியார் கூலிவேலைக்குப் போனார். அம்மா துணி துவைத்தார். பையன் பள்ளியை விட்டுவிட்டு டெக்காட்டர் தெருவின் ‘81’ தியேட்டரில் சோடா விற்கப் போனான். இடைவேளையில் விற்பனை, மற்ற நேரமெல்லாம் மேடையைப் பார்ப்பது. மா ரெய்னியையும் பெஸ்ஸி ஸ்மித்தையும் அவன் முதலில் கேட்டது சோடாப் பெட்டியுடன் நின்றுதான். பியானோக்காரர்களின் விரல்களைப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டான்.

வளர்ந்து சிகாகோவுக்கு வந்ததும் வாடகை விருந்துகளில் வாசித்தார். மாத வாடகை கட்ட முடியாத குடும்பம், வீட்டையே ஓர் இரவு கேளிக்கைக் கூடமாக்கி, நுழைவுக்கு ஆளுக்குச் சில காசு வாங்கும். அதுதான் வாடகை விருந்து. மதுவிலக்குக் காலம் வேறு. சத்தம் அதிகமானால் போலீஸ் வந்து நிற்கும். டார்சி பியானோவை மெல்ல, கிசுகிசுப்பதுபோல் வாசிப்பார். ‘கிசுகிசுப் பியானோக்காரர்’ என்றே அவரைக் கூப்பிட்டார்கள். அடுத்த வீட்டுக்குக் கேட்கக் கூடாது. ஆனால் அறைக்குள் இருப்பவர்களின் கால் தாளம் போட வேண்டும். இந்தக் கட்டுப்பாடு அவருடைய கைக்குக் கற்றுக்கொடுத்ததைப் பின்னாளில் தேவாலயப் பாடல்களில் கேட்கலாம். கத்தாமலே ஆளை அசைக்கும் பாடல்கள் அவை.

1926இல் அவர் நோயில் விழுந்தார். உடம்பில் குறை எதுவும் இல்லை என்றார்கள் வைத்தியர்கள். ஆனால் இரண்டு ஆண்டுகள் பியானோவின் முன் உட்கார முடியவில்லை. வாசித்தாலும் தாளம் நிற்கவில்லை. இன்று நாம் மனச்சோர்வு என்று அழைக்கும் நோய் அது. மனைவி நெட்டி சலவைக் கூடத்தில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஒரு பிஷப் ஜெபித்து, தன் தொண்டையிலிருந்து உயிருள்ள பாம்பை இழுத்தெடுத்தார் என்று டார்சி கடைசிவரை சொல்லிவந்தார். நம்புவது அவரவர் விருப்பம். குணமானவுடன் இனி கடவுளுக்காக மட்டுமே எழுதுவேன் என்று அவர் தீர்மானித்தது உண்மை. அந்தத் தீர்மானத்தை உடனே காப்பாற்ற முடியாமல் போனதும் உண்மை.

1928இல் ஒரு நாள் டாம்பா ரெட் என்ற கிதார்க்காரர் வரிகள் எழுதிய தாளோடு வீட்டுக்கு வந்தார். இரட்டை அர்த்தம் வழிகிற வரிகள். இதற்கு நான் மெட்டுப் போட மாட்டேன் என்று டார்சி தயங்கினார். வீட்டில் பணம் இல்லை. மெட்டுப் போட்டார். ‘இட்ஸ் டைட் லைக் தட்’ என்ற அந்தப் பாட்டு வோக்காலியன் நிறுவனத்தின் தட்டில் வந்து தேசமெங்கும் விற்றது. தட்டின் மேல் அவர் பெயர் ‘ஜார்ஜியா டாம்’. அதே ஆண்டுகளில் அதே மனிதர் ‘இஃப் யூ ஸீ மை சேவியர்’ என்ற பக்திப் பாடலை அச்சடித்து, கடன் வாங்கிய காசில் தபால்தலை ஒட்டி, நூற்றுக்கணக்கான தேவாலயங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வெகுகாலம் ஒரு பதிலும் வரவில்லை. 1930இல் சிகாகோவில் கூடிய பாப்டிஸ்ட் மாநாட்டில் யாரோ அந்தப் பாட்டைப் பாட, கூட்டம் எழுந்து ஆர்ப்பரிக்க, ஆயிரக்கணக்கில் பிரதிகள் விற்றன. தன் பாட்டு அங்கே பாடப்பட்டதே டார்சிக்குப் பிறகுதான் தெரியும்.

இனி 1932 ஆகஸ்டுக்கு வருவோம்.

நெட்டி நிறைமாதக் கர்ப்பிணி. செயின்ட் லூயிஸில் எழுப்புதல் கூட்டம்; டார்சி பாட வேண்டும். நண்பரோடு காரில் புறப்பட்டார். நகரைத் தாண்டிய பிறகுதான் இசைத்தாள் பையை வீட்டிலேயே மறந்து வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பினார். நெட்டி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலருகே நின்றவருக்கு, போகாதே, இங்கேயே இரு என்று உள்ளே ஏதோ சொல்லியிருக்கிறது. ஆனால் கூட்டத்தார் காத்திருப்பார்கள். பையை எடுத்துக்கொண்டு, எழுப்பாமல் வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் இரவு செயின்ட் லூயிஸ் மேடையில் பாடி முடித்து உட்கார்ந்தவரிடம் ஒரு பையன் தந்தியைக் கொண்டுவந்து கொடுத்தான். உறையைப் பிரித்தார். மனைவி இறந்துவிட்டாள் என்று இருந்தது. சுற்றிலும் மக்கள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் தந்தித் தாளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்ததைப் பல முறை சொல்லியிருக்கிறார்.

வீடு வந்து சேர்ந்தபோது குழந்தை உயிரோடு இருந்தது, ஆண் குழந்தை. அதுவும் தங்கவில்லை. தாயையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள்.

டார்சி கடவுளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். பக்திப் பாட்டு எழுதியதற்கு இதுதானா கூலி, பேசாமல் பழைய ப்ளூஸுக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்ததை அவர் மறைக்கவில்லை. சில நாள் கழித்து நண்பர் தியடோர் ஃப்ரை அவரை வெளியே அழைத்துப் போனார். கறுப்பினப் பெண்களுக்குச் சிகை அலங்காரத் தொழில் கற்பித்த ஆனி மலோனின் போரோ கல்லூரியில் ஒரு பியானோ இருந்தது. அதன் முன் உட்கார்ந்தவரின் விரல்கள் சிறு வயதில் கேட்ட ஒரு பழைய ஞானப்பாட்டின் மெட்டைத் தேடிப் போயின. ‘மெய்ட்லண்ட்’ என்று பெயர் கொண்ட, பத்தொன்பதாம் நூற்றாண்டு மெட்டு. அதை இழுத்து, நிறுத்தி, வளைத்துத் தன் வார்த்தைகளைச் சேர்த்தார். என் கையைப் பிடித்துக்கொள் என்று கடவுளிடம் கேட்கும் பாட்டு.

முதலில் டார்சி ஆண்டவரை அழைக்க எடுத்தது ‘ஆசீர்வதிக்கப்பட்டவரே’ என்று பொருள்படும் சொல். கேட்டுக்கொண்டிருந்த ஃப்ரை, அது வேண்டாம், ‘அருமையானவரே’ என்று கூப்பிடு என்றாராம். ஒரு சொல்தான். ஆனால் முதல் சொல் பலிபீடத்தின் முன் நிற்பவனுடையது. இரண்டாவது சொல் இருட்டில் வழி தெரியாமல் நிற்பவனுடையது. ‘டேக் மை ஹேண்ட், ப்ரெஷஸ் லார்ட்’ இப்படி உருவானது. இந்தத் தொடருக்காக நான் மறுபடி மறுபடி கேட்ட பாட்டு இதுவே. எத்தனை முறை கேட்டாலும் அந்தச் சொல் வரும் இடத்தில் பாடுகிறவரின் குரல் கொஞ்சம் கனிவதைக் கவனித்தேன்.

இசையில் டார்சி செய்தது என்ன? நம் காதுக்குப் பழகிய முறையில் சொன்னால், காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அரைச் சுரம் இறக்கி, அதற்கும் மேல்சுரத்துக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போவது ப்ளூஸின் உயிர். அந்த வழுக்கலையும், இடது கையின் உருளும் தாளத்தையும், பாடகர் விரும்பிய இடத்தில் நின்று கற்பனை செய்துகொள்ளும் சுதந்திரத்தையும் அவர் ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். வசதியான கறுப்பினச் சபைகள் அப்போது ஐரோப்பிய பாணிப் பாடகர் குழுக்களை வைத்து, தாளை விட்டு இம்மி பிசகாமல் பாடிக்கொண்டிருந்தன. பெரிய பெரிய ஆலயங்களிலிருந்தெல்லாம் தான் துரத்தப்பட்டதாக டார்சி சொல்வார். சாத்தானின் பாட்டைக் கொண்டுவந்து கர்த்தரின் வீட்டில் வைக்கிறான் என்பது குற்றச்சாட்டு.

எனக்கு அந்தக் குற்றச்சாட்டு நியாயமாகப் படவில்லை. வில்லா ரிக்காவின் சின்ன ஆலயத்தில், வார்த்தை வராதபோது பெண்கள் முனகி அழுது பாடிய பாட்டைக் கேட்டு வளர்ந்தவர் அவர். மா ரெய்னியின் குரலில் இருந்ததும் அதே முனகல்தான். சபையிலிருந்து கேளிக்கைக் கூடாரத்துக்குப் போனதை அவர் சபைக்கே திருப்பிக் கொண்டுவந்தார்.

சிகாகோவுக்குத் தெற்கிலிருந்து ரயிலேறி வந்துகொண்டிருந்த ஏழை மக்களுக்கு இது புரிந்தது. பாட்டாளி வீட்டுப் பெண்களும் ஆண்களும் சேர்ந்த காஸ்பல் கோரஸை டார்சியும் ஃப்ரையும் 1931இல் எபனேசர் பாப்டிஸ்ட் ஆலயத்தில் அமைத்தார்கள். அடுத்த ஆண்டு பில்கிரிம் பாப்டிஸ்ட் ஆலயம் அவரை இசை இயக்குநராக அழைத்தது. அரை நூற்றாண்டு அந்த ஆலயத்தை விட்டு அவர் போகவில்லை. சாலி மார்ட்டின் என்ற பெண்மணியின் பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். கரடுமுரடான குரல், ஆனால் கணக்கில் புலி. பாட்டு விற்ற காசை டார்சி பையில் போட்டு வைத்துவிட்டு மறந்துவிடுவதைக் கண்டு, கணக்குப் புத்தகம் போட்டு, ஊர் ஊராகப் போய்ப் பாடகர் குழுக்களைத் தொடங்கி, இசைத்தாள் விற்பனையைத் தொழிலாக நிமிர்த்தியவர் அவர். அவர் இல்லாவிட்டால் டார்சியின் பாடல்கள் சிகாகோவைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம். பாடகி மஹாலியா ஜாக்சன் பிரபலமாகும் முன்பு, தெருமுனையில் டார்சியின் பாட்டைப் பாடிக் காட்ட, டார்சி பக்கத்தில் நின்று தாள்களைப் பத்து காசுக்கு விற்ற நாட்களும் உண்டு.

இனி ராக்குக்கு வருவோம். 1938 அக்டோபரில் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் டெக்கா நிறுவனத்துக்காக முதல்முறை பாடினார். அன்று அவர் கிதாரோடு பதிவுசெய்த ‘ராக் மீ’ டார்சியின் பாட்டு. மூலத்தில் அதன் பெயர் ‘ஹைட் மீ இன் தை பஸம்’; ஆண்டவரின் மார்பில் என்னை மறைத்துத் தாலாட்டு என்கிற ஜெபம். தார்ப் பாடியபோது அதே ஜெபத்துக்கு இடுப்பு வந்துவிட்டது. கார்னகி ஹாலிலும் நியூயார்க் இரவு விடுதிகளிலும் அதைப் பாடினார். தார்ப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் லிட்டில் ரிச்சர்டும் ஜானி கேஷும். அடுத்த வாரம் ரொசெட்டாவின் கதையே வருவதால் இங்கே இதோடு விடுகிறேன்.

கன்ட்ரிக்கான பாதை வேறு. தெற்கின் வெள்ளைச் சபைகளில் பாட்டுப் புத்தகங்கள் அச்சிட்ட ஸ்டாம்ப்ஸ்–பாக்ஸ்டர் போன்ற பதிப்பகங்கள் 1930களின் இறுதியில் டார்சியின் பாடல்களையும் சேர்த்துக்கொண்டன. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கத் தடை இருந்த மாநிலங்களில், எழுதியவரின் நிறம் தெரியாமல் அவர் பாட்டு வெள்ளையர் வீடுகளுக்குள் போய் உட்கார்ந்தது.

அதே காலத்தில்தான் ‘பீஸ் இன் த வேலி’யையும் எழுதினார். ஐரோப்பாவில் போர்மேகம் சூழ்ந்த நேரம். ரயிலில் போய்க்கொண்டிருந்தவர் ஜன்னல் வழியே ஒரு பள்ளத்தாக்கைப் பார்த்தார். குதிரையும் பசுவும் ஆடும் ஒன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. மனிதனுக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று தோன்றியது. மஹாலியா பாடுவதற்காக எழுதிய பாட்டு இது. 1951இல் கென்டக்கிக்காரர் ரெட் ஃபோலி, நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையின் நட்சத்திரம், இதைப் பாடித் தட்டாக வெளியிட்டார். பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் காஸ்பல் தட்டுகளில் ஒன்றாக அது பேசப்படுகிறது. வயல்காட்டிலிருந்து வரும் பாட்டு என்றே கன்ட்ரி ரசிகர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஒருவகையில் அது சரிதான். குத்தகை விவசாயியின் மகன் எழுதியது.

1956 டிசம்பர் 4, மெம்ஃபிஸின் சன் ஒலிப்பதிவுக் கூடம். எல்விஸ் பிரெஸ்லி, ஜெர்ரி லீ லூயிஸ், கார்ல் பெர்கின்ஸ், ஜானி கேஷ் ஆகியோர் எதேச்சையாக ஒன்றுகூடிய நாள். ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது. ஊரை ஆட்டிக்கொண்டிருந்த அந்த இளைஞர்கள் சும்மா உட்கார்ந்ததும் பாடியவை பெரும்பாலும் ஆலயத்துப் பாட்டுகள். அதில் ‘பீஸ் இன் த வேலி’யும் ஒன்று.

ஒரு மாதம் கழித்து, 1957 ஜனவரி 6. எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எல்விஸ் மூன்றாவது முறை தோன்றினார். அவர் ஆடுவது அசிங்கம் என்று அமெரிக்கப் பெற்றோர் கொதித்திருந்ததால் கேமரா இடுப்புக்குக் கீழே இறங்கவில்லை. நிகழ்ச்சியின் கடைசியில், ஹங்கேரியில் சோவியத் டாங்கிகளால் வீடிழந்த அகதிகளுக்கு உதவுங்கள் என்று சல்லிவன் கேட்டுக்கொள்ள, எல்விஸ் அசையாமல் நின்று ‘பீஸ் இன் த வேலி’யைப் பாடினார். அவரைத் திட்டிக்கொண்டிருந்த அம்மாக்கள் அந்த இரவில்தான் மனம் இளகினார்கள் என்று சொல்வார்கள். பெரியவர்கள் ராக்கை வீட்டுக்குள் விட்ட கதவு ஒரு காஸ்பல் பாட்டு. அதை எழுதியவர் ஒரு காலத்து ஜார்ஜியா டாம். அந்த ஆண்டே எல்விஸ் நான்கு பக்திப் பாடல்கள் கொண்ட சிறு தட்டு ஒன்றை வெளியிட்டார். நான்கில் இரண்டு டார்சியுடையவை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எல்விஸை முதன்முதலில் தேசியத் தொலைக்காட்சியில் காட்டியதும் டார்சிகள்தான், ஆனால் வேறு டார்சிகள்: வாத்தியக் குழு நடத்திய வெள்ளையரான டாமி, ஜிம்மி சகோதரர்கள். பெயர் ஒன்றானதால் நம் ஆள் எழுதியதை டாமி டார்சியின் கணக்கில் எழுதிவிடுகிறவர்கள் இன்றும் உண்டு.

ஜானி கேஷ் 1969 பிப்ரவரியில் சான் குவென்டின் சிறையில் கைதிகளின் முன் ‘பீஸ் இன் த வேலி’யைப் பாடினார். ‘ஃபால்ஸம் ப்ரிசன் ப்ளூஸ்’ இருக்கும் அதே தட்டில் அதுவும் இருக்கிறது. ஜிம் ரீவ்ஸ் ‘ப்ரெஷஸ் லார்ட்’ பாடினார். அந்த மென்குரல் இலங்கை வானொலி வழியாகவும் இசைத்தட்டுகள் வழியாகவும் நம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளுக்குப் பழக்கமானதே. அரீதா ஃபிராங்க்ளின் பதின்ம வயதில் அப்பாவின் டெட்ராய்ட் ஆலயத்தில் ‘ப்ரெஷஸ் லார்ட்’ பாடிப் பதிவுசெய்தார்.

1968 ஏப்ரல் 4 மாலை, மெம்ஃபிஸின் லொரெய்ன் மோட்டல் மாடியில் மார்ட்டின் லூதர் கிங் நின்றுகொண்டிருந்தார். கீழே சாக்ஸபோன் கலைஞர் பென் பிராஞ்ச். இன்றிரவு கூட்டத்தில் ‘ப்ரெஷஸ் லார்ட்’ வாசியுங்கள், நன்றாக வாசியுங்கள் என்று கிங் கேட்டுக்கொண்டார். கணங்களில் குண்டு பாய்ந்தது. ஐந்து நாள் கழித்து அவருடைய இறுதிச்சடங்கில் மஹாலியா அதைப் பாடினார். நான்கு ஆண்டுகள் கழித்து மஹாலியாவின் இறுதிச்சடங்கில் அரீதா பாடினார்.

டார்சி இவ்வளவையும் பார்த்தபடி பில்கிரிம் ஆலயத்துப் பியானோவின் அருகிலேயே இருந்தார். கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில் 1979இல் தன் பாடலாசிரியர் புகழ்மன்றத்தில் அவரைச் சேர்த்தது. அந்த மன்றத்துக்குள் போன முதல் கறுப்பினத்தவர் அவர். அப்போது அவருக்கு 80 வயது. 1993 ஜனவரி 23 அன்று சிகாகோவில் காலமானார்.

அவர் அரை நூற்றாண்டு பாட்டு நடத்திய பில்கிரிம் கட்டடம் முதலில் யூதர்களின் ஜெப ஆலயம். லூயிஸ் சல்லிவனும் டாங்க்மர் ஆட்லரும் வடிவமைத்தது. 2006இல் கூரை வேலையின்போது தீப்பற்றி எரிந்தது. நான்கு சுவர்கள் மட்டும் மிஞ்சின. எரிந்த நாள் ஜனவரி 6. எல்விஸ் அசையாமல் நின்று டார்சியின் பாட்டைப் பாடிய அதே தேதி.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழைய எல்விஸ் தட்டோ ஜானி கேஷ் தட்டோ உங்கள் கைக்குக் கிடைத்தால், இந்தப் பாட்டுகளின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் பெயரையும் படியுங்கள். டார்சி. தாமஸ் ஏ. டார்சி.

(தொடரும்)